கை தட்டக் கூடாத எழுத்து

ஏங்க,

முப்பது வருஷமும் இப்படித்தானே கூப்பிட்டேன், கடிதத்தையும் அப்படியே ஆரம்பிக்கிறேன். பதறாதீர்கள், நல்ல சேதிதான். வந்துவிட்டது. அந்த எழுத்து என் வாயில் வந்துவிட்டது.

நம்புவீர்களா? நீங்கள் இருந்தவரை என்ன செய்தும் வராதது, நீங்கள் போன பிறகு வந்திருக்கிறது. முதலில் யாரிடம் சொல்லலாம் என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். உங்கள் செருப்பு வைக்கும் இடம் காலியாக இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

இதைத் தமிழ்ச் சங்கத்துச் சித்திரை மலரில் போடப் போவதாக விசாலாட்சி அம்மா சொல்கிறார்கள். ஹப்சிகுடாவில் தன் வீட்டுக் கார் ஷெட்டை ஞாயிற்றுக்கிழமைதோறும் நம் பிள்ளைகளுக்குத் திறந்துவிடும் அதே அம்மாதான். எழுத்துப் பிழையை மட்டும் திருத்தித் தருகிறேன், மற்றதில் கை வைக்க மாட்டேன் என்றார்கள். பிறத்தியாரும் படிப்பார்கள் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திரும்பவும் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்ட கதையையே கேட்பது உங்களுக்குப் பிடிக்கும்தானே?

நான் லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். அப்பா வொர்க்‌ஷாப்பில் சுத்தியல் பிடித்தவர். வீட்டில் ஆற்காட்டுத் தமிழ், வெளியில் தெலுங்கும் உருதும். படித்தது மூன்றாங்கிளாஸ், அதுவும் தெலுங்குப் பள்ளிக்கூடம். தமிழ் எனக்கு வாயில் இருந்தது, கண்ணில் இல்லை. கல்யாணம் ஆகி மல்லாபூருக்கு வந்த புதிதில், ஊரிலிருந்து உங்கள் அம்மா போடும் கார்டை நீங்கள் ஷிஃப்ட் முடிந்து வரும்வரை தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்ப்பேன்.

அதைப் பார்த்துத்தான் நீங்கள் ஃபேக்டரியில் இரும்பில் குறி போடும் சாக்பீஸைக் கொண்டுவந்தீர்கள். அடுப்புப் பக்கத்துக் கடப்பாக்கல் மேடைதான் சிலேட்டு. பெரிதாக ஒரு 'க' போட்டீர்கள்.

"சொல்லு பச்சை. க."

நான் தெலுங்கில் படித்தபடியே அங்கே இருக்கும் நாலு 'க'வையும் மூச்சு விடாமல் சொன்னேன். அதை இங்கே எழுதிக் காட்டலாம் என்று பார்த்தால் க, க, க, க என்றுதான் எழுத வருகிறது. தமிழில் அது நாலுக்கும் எழுத்து ஒன்றுதானே. அப்போது நீங்கள் சொன்னதும் அதைத்தான்.

"ஒண்ணு போதும். மீதி மூணும் நம்மகிட்ட கிடையாது."

"கிடையாதுன்னா? நான் படிச்சேனே. எங்க போச்சு?"

"எங்கயும் போகல. தமிழ்ல அந்த இடம் காலி. அங்க வாயை மூடிக்கிட்டு அடுத்ததுக்குப் போ. ங."

"என்னை வாய மூடுன்னு சொல்லாதீங்க. எங்கப்பாவே சொன்னதில்ல."

ஆனாலும் முயன்றேன். 'க' சொன்னதும் அந்த மூன்றும் வரிசையில் நிற்கிற மாதிரி நாக்கில் வந்து முட்டின. வாயை மூடினால் கை சும்மா இருக்கவில்லை. கோபத்தில் தட் தட் தட் என்று தட்டிவிட்டு 'ங' என்றேன். நீங்கள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"இன்னொரு தடவை பண்ணு."

"அடிக்கிறாப்ல பாக்குறீங்க?"

"அடி இல்ல, அதுதான் வழி. இன்னொரு தடவை பண்ணு பச்சை!"

ச, தட் தட் தட், ஞ. ட, தட் தட் தட், ண. தெலுங்கில் எங்கெல்லாம் எழுத்து இருந்து தமிழில் இல்லையோ, அங்கெல்லாம் என் கை போய் நின்றது. இல்லாத எழுத்துக்குக் கை, இருக்கிற எழுத்துக்கு வாய். அன்று சாயங்காலத்துக்குள் பதினெட்டையும் பிடித்துவிட்டேன். நீங்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தீர்களா, நான் உங்களுக்குக் கற்றுக்கொடுத்தேனா என்று பல வருஷம் நாம் சண்டை போட்டோமே, அது இன்னும் தீரவில்லை.

மெட்டு என்னுடையது. அதில் உங்களுக்குப் பங்கு கிடையாது. உங்கள் குரல் லேத் மெஷினில் இரும்பு சிக்கிக்கொண்ட மாதிரி இருக்கும், அதை நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். நம் குமார் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து என்னைப் போலவே நாலு 'க'வோடு வீட்டுக்கு வந்தபோதுதான் வரி கட்டினோம். நீங்கள் எழுத்தை வைத்தீர்கள், நான் இழுத்துப் பாடினேன்.

க சொல்லு, கை தட்டு, ங வந்து நிக்குது.
ச சொல்லு, கை தட்டு, ஞ வந்து பாக்குது.
ட சொல்லு, கை தட்டு, ண வந்து குந்துது.
த சொல்லு, கை தட்டு, ந வந்து நடக்குது.
ப சொல்லு, கை தட்டு, ம வந்து சிரிக்குது.
ய ர ல வ வருது பார், யாரு பின்னாலே?

அந்தக் கேள்விக்குப் பதில் நீங்கள். நீங்கள் மட்டும். "ழ!" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம் கொடுப்பீர்கள். அதற்கப்புறம்தான் நாங்கள் எல்லாரும் "ள ற ன, வீட்டுக்குப் போ" என்று முடிப்போம்.

ஏன் நீங்கள் மட்டும் என்று மலர் படிக்கிறவர்கள் கேட்பார்கள். எனக்கு ழ வராது, அதனால்தான். எழுத வரும். நீங்கள் போட்ட வளைவு மாறாமல் போடுவேன். சொன்னால் ள. பிறந்த வீட்டில் எல்லாருக்கும் ள, இல்லாவிட்டால் ய. உங்களுக்கும் ஊரில் அப்படித்தானாம். சின்ன வயதில் அரக்கோணத்தில் மேடைப் பேச்சு ஒன்றுவிடாமல் போய்க் கேட்டு, தனியாக ரயில் பாதை ஓரம் கத்திக் கத்திப் பழகினேன் என்று சொல்வீர்கள். உழைத்துச் சம்பாதித்த எழுத்து என்பதால் உங்களுக்கு அதன் மேல் தனிப் பாசம்.

உங்கள் பேரிலேயே அது இருந்ததும் ஒரு காரணம். பாவம், இந்த ஊரில் ஒருத்தர் வாயிலாவது உங்கள் பேர் முழுசாக வந்திருக்கிறதா? ஃபேக்டரியில் 'ஏடுகொண்டலு' என்று தெலுங்கில் மாற்றியே வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் 'எல்லுமலாய்' என்று கூப்பிட்டால் வேறு யாரோ என்று நீங்கள் உட்கார்ந்தே இருப்பீர்கள். நானோ கூப்பிடவே மாட்டேன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரர் பேரைப் பெண்கள் சொல்வதில்லை. ரேஷன் ஆபீசில் கேட்டபோது, "ஆறுக்கு அடுத்தது, அது மேல சாமி இருக்குது" என்றேன். "ஹவ்? க்யா போல்ரே அம்மா?" என்ன சொல்கிறாய் என்று அங்கிருந்த குமாஸ்தா உருதுவில் கேட்டு முழிக்க, பின்னால் நின்ற தெலுங்குக்காரம்மா சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தார்.

"ஒரு தடவை நீதான் கூப்பிடேன் பச்சை, யாரு கேக்கப் போறாங்க?" என்று நீங்கள் கேட்டீர்கள்.

"கூப்பிட்டாலும் ளன்னுதான் வரும். இத்தனை பேர் ஒடச்சது போதாதா, நானும் ஒடைக்கணுமா?"

நீங்கள் அதற்குச் சிரித்துவிட்டுப் பீடி பற்றவைத்தீர்கள்.

குமாருக்கு அப்புறம் லைன் வீட்டுப் பிள்ளைகள், அப்புறம் மல்லாபூர்ப் பிள்ளைகள், அப்புறம் விசாலாட்சி அம்மா தார்நாகா விஞ்ஞானிகள் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக் கார் ஷெட்டுக்கு அழைத்தார்கள். நான் தமிழில் கேட்டால் சுதா தெலுங்கில் பதில் சொல்வாள், ஸ்ரீராம் இங்கிலீஷில் சொல்வான். பாட்டில் மட்டும் எல்லாரும் தமிழ். நீங்கள் எழுத்து சார். நான் பாட்டு டீச்சர், அதைப் பிள்ளைகள் இழுத்து இழுத்துப் பாட்டீச்சர் ஆக்கிவிட்டார்கள். பாட்டியா டீச்சரா என்று விசாலாட்சி அம்மா கேட்டதற்கு நீங்கள் "ரெண்டும்தான், வயசைப் பாருங்க" என்றீர்களே, அதற்கு நான் உங்களுக்கு இரண்டு நாள் காப்பி தரவில்லை.

ஆடி மாதம் நீங்கள் ஷிஃப்ட் பஸ்ஸுக்குக் கிளம்பி, ஒரு செருப்பு மாட்டி, இன்னொரு செருப்பு மாட்டாமல் சாய்ந்தீர்கள். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. உங்களுக்கே தெரியும்.

காரியம் முடிந்து கொஞ்ச நாளில், பிலாயில் வேலை பார்க்கும் குமார் அங்கே கூப்பிட்டான். "இங்க உனக்கு என்னம்மா இருக்கு? என்கூட வந்துடு." பொங்கலுக்கு அப்புறம் சொல்கிறேன் என்றேன். அந்த ஞாயிறு கால் தானாக ஹப்சிகுடாவுக்குப் போயிற்று. ஷெட்டில் பிள்ளைகள் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். பின்னால், பழைய டயருக்குப் பக்கத்தில் உங்கள் முக்காலி. யாரும் அதைத் தொடவில்லை.

பாட ஆரம்பித்தோம். எல்லாம் சரியாகத்தான் போயிற்று. "யாரு பின்னாலே?" என்று கேட்டுவிட்டோம். கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது, கேட்டிருக்கக் கூடாது என்று. எல்லாரும் டயர் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் சுதா, ஆறு வயது, எல்லாவற்றிலும் முந்திரிக்கொட்டை, தட் என்று ஒரு தட்டுத் தட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள். "ள ற ன, வீட்டுக்குப் போ."

நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். பிள்ளைகள் உங்களுக்கு மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்தேன். கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

மரியாதை எத்தனை நாள்? நாலாம் ஞாயிறு பார்த்தால் அது விளையாட்டு ஆகியிருந்தது. ழ வருகிற இடத்தில் எல்லாம் கை. வானம் இருட்டினால் "ம தட் வருது பாட்டீச்சர்!" கோழி 'கோ தட்' ஆயிற்று. விசாலாட்சி அம்மா வாழைப்பழச் சீப்போடு வந்தபோது ஸ்ரீராம் எழுந்து நின்று, "ஆன்ட்டி, ஐ வான்ட் வா தட் ப்ப தட் ம்!" என்றான். அம்மா சிரித்துச் சிரித்துச் சீப்பையே கீழே விட்டுவிட்டார்கள். நானும் சிரித்தேன். பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே சிரித்தேன்.

"ஏண்டி சுதா, அது இருக்குற எளுத்துடி. எதுக்குக் கை தட்டுறீங்க?"

"லேது பாட்டீச்சர்," என்றாள். "சார் லேரு கதா? ஆ அட்சரம் கூட லேது."

சார் இல்லையே, அதனால் அந்த எழுத்தும் இல்லை என்கிறாள். எவ்வளவு நேராகச் சொல்லிவிட்டாள் பாருங்கள். நாம் சொல்லிக்கொடுத்த கணக்குத்தானே அது? எது இல்லையோ அதற்குக் கை.

"சரி, நாம பேசுறது என்ன பாஷை? எல்லாரும் சொல்லுங்க," என்றேன்.

"தமி தட்!" என்று கோரஸாகச் சொன்னார்கள்.

"சாரு பேரு?"

"ஏ தட் மலை!"

அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை. உங்களை அடக்கம் செய்ததைவிட அன்றுதான் அதிகமாக அடக்கம் செய்த மாதிரி இருந்தது. அந்தப் பேரில் ழ இருந்த இடத்தில் ஒரு கைத்தட்டல். உழைத்துச் சம்பாதித்த எழுத்து. அதை அழித்தது நம் பாட்டு. ஆத்திரத்தில் அன்று என் கை கண்டுபிடித்த அதே வழி.

விசாலாட்சி அம்மாவிடம் சொன்னேன். அவர்கள் தஞ்சாவூர்ப் பக்கம், சுத்தமான ழ. அடுத்த வாரம் அவர்களே முக்காலிக்குப் பக்கத்தில் நின்று சொன்னார்கள். பிள்ளைகளும் ஏற்றுக்கொண்டார்கள். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் அவர்களே அதைக் கெடுத்தார்கள்.

"பச்சையம்மா, எங்காத்துக்காரருக்கு மாத்தல் வந்துடுத்து. சித்திரை முடிஞ்சா நாங்க பூனா போயிடுவோம். நான் இருக்கறச்சே நீங்க பழகிக்கணும்."

"எனக்கா? இந்த வயசுலயா? அதுக்கு நாக்கு வேற வேணும்மா."

"நாக்கு எல்லாருக்கும் ஒரே நாக்குதான். மேலண்ணத்துக்கிட்ட மடிச்சுக் கொண்டுபோங்கோ. ஆனா தொடப்படாது."

அந்த 'தொடப்படாது'தான் என் உயிரை எடுத்தது. ஐம்பது வருஷமாகத் தொட்டுப் பழகிய நாக்கு. கிட்டே போனால் ஒட்டிக்கொள்கிறது. ள. மடித்தால் ள. இழுத்தால் ள. விட்டால் ய. குழாயடியில் சொல்லிப் பார்த்தேன், மாவு ஆட்டும்போது சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு சத்தெம்மா சுவரின் மேல் தலையை நீட்டி, "ஏமைந்தி வதினா, பல்லு நொப்பியா?" என்று கேட்டுவிட்டு, பல் வலிக்குக் கிராம்பு கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். என்னவென்று சொல்வேன்? தெலுங்கில் இல்லாத எழுத்துக்கு வாய் வலிக்கிறது என்றா?

இடம் போனால் இன்னொரு இடம் கிடைக்கும், மல்லாபூரில் நம் வாசலே போதும். எழுத்துக்கு எங்கே போவேன்? அது இல்லாமல் நடத்துவதானால் நடத்தாமலே இருந்துவிடலாம், குமாரோடு பிலாய்க்குப் போய்விடலாம் என்று முடிவு செய்துவைத்திருந்தேன். இதற்குள் சங்கத்தில் பொங்கல் விழாவுக்குப் பிள்ளைகள் பாட வேண்டும் என்று கேட்டு அனுப்பினார்கள். அதோடு முடித்துக்கொள்ளலாம் என்று சரி சொன்னேன்.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். போகியன்று சத்தெம்மா வீட்டில் வழக்கம்போலப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துத் தலையில் ரேகிப்பழம் கொட்டினாள். நம் இலந்தைப்பழம்தான், இங்கே போகிக்கு அதைக் கொட்டினால் திருஷ்டி போகும் என்கிறார்களே, அது. கொட்டினது கொட்டினபடி இருக்க விடுமா அதுகள்? பாவாடை நிறையப் பொறுக்கிக்கொண்டு சுதா நம் வாசலுக்கு வந்தாள். எனக்கும் ஒன்று வாயில் போட்டாள். சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையை நாக்கு மேல் வைத்துச் சப்பிக்கொண்டு கோலத்துக்குச் செம்மண் கரைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தால், அவள் ஒரே வாயில் நாலைந்தை அடைத்துக்கொண்டு விழுங்கப் போகிறாள்.

"அடியே, கொட்டைய முழுங்காத! பழத்த மட்டும் தின்னு!"

சுதா அப்படியே நின்றாள். கன்னம் இரண்டும் உப்பிக் கிடக்க, கண் மட்டும் பெரிதானது. எல்லாவற்றையும் கையில் துப்பினாள்.

"பாட்டீச்சர், மள்ளி செப்பண்டி!"

"என்னத்தடி திரும்பச் சொல்றது?"

"ஆ மாட்ட! இப்ப சொன்ன வார்த்தை!"

"பழத்த மட்டும்..." என்று ஆரம்பித்தேன். எனக்கே கேட்டது. கையில் செம்மண்ணோடு நின்றுவிட்டேன்.

"சார்தி!" என்று கத்தினாள். "சார்தி வச்சிந்தி!"

சாருடையது வந்துவிட்டதாம். தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். கொட்டையைத் துப்பிவிட்டுச் சொன்னேன், பளம். திரும்ப வாயில் போட்டுச் சொன்னேன், பழம். துப்பினால் பளம், போட்டால் பழம். கொட்டை நடுவில் உட்கார்ந்துகொண்டு நாக்கை மேலே தொட விடவில்லை, அவ்வளவுதான் சங்கதி! விசாலாட்சி அம்மா மாதக்கணக்காகச் சொன்ன 'தொடப்படாது'வை ஒரு இலந்தைக்கொட்டை சொல்லிக்கொடுத்துவிட்டது. சுதாவும் நானும் வாசலில் உட்கார்ந்து மழை, கோழி, வாழை, கிழவி என்று மாற்றி மாற்றிச் சொன்னோம். கிழவி என்றபோது அவள் என்னைக் கையால் காட்டினாள். போக்கிரி.

நான் சிரித்தேனா அழுதேனா என்று கேட்காதீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் மூக்கில்தான் ஏறுகிறது.

அந்தக் கொட்டையைக் கழுவி முந்தானையில் முடிந்துகொண்டேன். விழா தார்நாகாவில், பள்ளிக்கூட ஹாலில். பிள்ளைகள் முன்னால் வரிசை, நான் ஓரத்தில் நின்று எடுத்துக்கொடுப்பது என்று ஏற்பாடு. ஆனால் மேடை ஏறியதும் நான் பின்னால் போய் நின்றுகொண்டேன். உங்களுக்கு அங்கேதான் இடம். "ஏன் அங்க போறேள்?" என்று விசாலாட்சி அம்மா திரைக்குப் பின்னால் இருந்து கையைக் காட்டினார்கள். நான் கொட்டையை வாயில் போட்டுக்கொண்டேன், பதில் சொல்ல முடியவில்லை.

க சொல்லு, கை தட்டு. பிள்ளைகள் தட்டினார்கள். கூட்டத்தில் தெலுங்குப் பள்ளியில் படித்த சில பெரியவர்களும் சிரித்துக்கொண்டே தட்டினார்கள். அவர்களுக்கு அந்தக் காலி இடம் புரிந்திருக்கும். ம வந்து சிரித்தது. ய ர ல வ வந்தது.

"யாரு பின்னாலே?"

முதல் வரிசையில் சுதாவின் கை தட்டுவதற்காகப் பாதி உயர்ந்திருந்ததைப் பார்த்தேன். அவளுக்கே தெரியும், ஆனாலும் பழக்கம்.

"ழ!"

வந்ததுங்க. உங்கள் மாதிரிக் கரகரப்பாக இல்லை, கொஞ்சம் நடுங்கிற்று, ஆனால் ழ. பிள்ளைகள் எல்லாரும் பாட்டை விட்டுவிட்டுப் பின்னால் திரும்பினார்கள். சுதாவின் கை கீழே இறங்கியது. அப்புறம் ஹால் அதிர, "ள ற ன, வீட்டுக்குப் போ!" அந்தச் சந்தோஷத்தில் நான் கொட்டையை விழுங்கிவிட்டேன். முழுங்காதே என்று ஊருக்குச் சொன்னவள் முழுங்கினேன்.

அதோடு விட்டார்களா? சங்கத்துச் செயலாளர் மைக்கோடு நேராக என்னிடம் வந்துவிட்டார். நல்ல பிள்ளை, சின்ன வயசு.

"ரொம்பப் புதுசா இருக்கும்மா இந்தப் பாட்டு. யார் கட்டினது?"

"எங்க வீட்டுக்காரரு. நானும்," என்றேன்.

"சார் பேரு என்ன? எல்லாருக்கும் சொல்லுங்க."

விசாலாட்சி அம்மாவைத் தேடினேன். அவர்கள் திரைக்குப் பின்னால் இருந்தார்கள். ஆறுக்கு அடுத்தது, அது மேல சாமி இருக்குது என்று சொல்லலாம். சொன்னால் இந்தப் பிள்ளைகளே பதில் கொடுத்துவிடும், ஏ தட் மலை என்று. வாயிலோ கொட்டை இல்லை. முந்தானையில் இன்னொன்று முடிந்திருக்கக் கூடாதா? செயலாளர் மைக்கை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். கொட்டை இருந்த இடத்தை மனசில் நினைத்துக்கொண்டேன். அங்கே இன்னும் அது உட்கார்ந்திருப்பதாக நாக்குக்குச் சொன்னேன். தொடாதே, தொடாதே.

"ஏழுமலை," என்றேன்.

மைக்கில் போய், ஹால் சுவரில் பட்டு, திரும்பி வந்தது. நான் ஒரு முறை சொன்னேன், காதில் இரண்டு முறை கேட்டது. உடையவில்லை. எங்கும் உடையவில்லைங்க.

உடனே எல்லாரும் கை தட்ட ஆரம்பித்தார்கள். மேடை என்றால் அதுதானே வழக்கம். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, மைக் இன்னும் வாய்க்கு நேராகத்தான் இருந்தது.

"தட்டாதீங்க! கை தட்டாதீங்க! அது இருக்குற எழுத்து!"

பெரியவர்கள் சிரித்தார்கள். ஏதோ வயசானவள் பயத்தில் உளறுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். பிள்ளைகள் சிரிக்கவில்லை. ஸ்ரீராம் தன் இரண்டு கையையும் நிக்கர் பையில் விட்டுக்கொண்டான். சுதா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள், விழா முடியும்வரை.

அன்றிலிருந்து நன்றாகத் தூங்குகிறேன். சாப்பாடு இறங்குகிறது. கொட்டை மாதிரி ஏதோ ஒன்று இத்தனை மாதம் நெஞ்சில் நின்றிருந்தது, அதுவும் அதோடு சேர்ந்து இறங்கிவிட்டது போல. குமாருக்குக் கார்டு போட்டுச் சொல்லிவிட்டேன், பள்ளிக்கூட லீவில் வருகிறேன், பத்து நாள் இருப்பேன், நடுவில் ஞாயிறு வந்தால் திரும்பிவிடுவேன் என்று. "என்னம்மா கணக்கு இது?" என்கிறான். அவனும் அந்தப் பாட்டில் படித்தவன்தானே, புரியும்.

விசாலாட்சி அம்மா போன பிறகு நம் வாசலில்தான் வகுப்பு. முக்காலியைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். சத்தெம்மா தன் பேரனையும் அனுப்புகிறாளாம். "தெலுங்குப் பையனுக்குத் தமிழ் எதுக்கு?" என்று கேட்டால், "கை தட்டட்டுமே வதினா, ஊரிகே, சும்மாதானே" என்கிறாள். அவன் 'க'வுக்கு அப்புறம் அந்த மூன்றையும் சத்தமாகவே சொல்லட்டும், நம் பிள்ளைகள் தட்டட்டும். கேட்க எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் யோசித்தேன், நன்றாகத்தான் இருக்கிறது.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி எந்த ஞாயிறும், "யாரு பின்னாலே?" என்று பிள்ளைகள் கேட்டு, பதில் இல்லாமல் நிற்க விடமாட்டேன். என் பல் எல்லாம் கொட்டினாலும் சொல்வேன். எனக்கு அப்புறம் சொல்ல சுதாவைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். இலந்தைக்கொட்டை இல்லாமலே வருகிறது அவளுக்கு. தெருவில் போகிற நம் ஊர்க் காய்கறிக்காரரைக்கூட விடுவதில்லை, "அது வாளக்காய் இல்ல தாத்தா, வாழக்காய்!" என்று திருத்துகிறாள்.

காலையில் காப்பி போட்டதும் உங்களை ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன். முதல் நாள் கூச்சமாக இருந்தது, சுவர் பக்கம் திரும்பிச் சொன்னேன். இப்போது வாசலைப் பார்த்தே சொல்கிறேன். ஒரு தடவை நீதான் கூப்பிடேன் என்றீர்களே, கேட்கிறதா?

இப்படிக்கு,
உங்கள் பேரை உடைக்காமல் சொல்லும்
உங்கள் வீட்டுக்காரி,
பச்சையம்மாள் ஏழுமலை